புது சிஸ்டம் ஏன் கொதிக்குது? கல்வராயன் மலையில் ஒரு பிளாஸ்டிக் பின் சொன்ன பாடம்

"அக்கா, சிஸ்டம் மறுபடியும் ஆஃப் ஆயிடுச்சு. கடைக்காரரு புராசஸர் போயிருக்கும்ங்கிறாரு. இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு. என்ன பண்றதுன்னு தெரியல."

வெள்ளிமலையிலிருந்து தம்பி அனுப்பிய வாய்ஸ் நோட் இது. தம்பி என்றால் என் சித்தி மகன். கல்வராயன் மலையில் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். ஜெராக்ஸ் என்பது பெயருக்குத்தான். உண்மையான வேலை ஆன்லைன் விண்ணப்பம் போடுவது, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, விசேஷங்களுக்கு ஃபிளெக்ஸ் டிசைன். சாதிச் சான்றிதழிலிருந்து கல்வி உதவித்தொகை வரை எல்லாமே ஆன்லைனுக்கு வந்துவிட்ட பிறகு, மலையில் இந்த மாதிரி கடைகள்தான் பல பேருக்கு அரசு அலுவலகத்தின் வாசல். அவன் சொன்ன அந்த ரெண்டு நாள், உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கானது. பக்கத்துக் கிராமப் பிள்ளைகள் சிலர் சான்றிதழ்களை அவனிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அந்த சிஸ்டம் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கடன் வாங்கி, ஒரு நகரத்துக் கடையில் (பெயர் வேண்டாம்) அசெம்பிள் பண்ணி எடுத்து வந்தது. மலை ஏறிய நாளிலிருந்தே ஃபேன் சத்தம் ஜாஸ்தி. பிறகு போட்டோஷாப் திறந்தாலே திணறல். கடைசியில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தானாக அணைந்து போனது.

"ஆன் பண்ணி பயாஸ் உள்ள போ. சிபியு டெம்பரேச்சர்னு ஒரு நம்பர் இருக்கும். போட்டோ எடுத்து அனுப்பு" என்றேன். வந்த போட்டோவில் இருந்த எண் 97. எந்த வேலையும் செய்யாமல், வெறும் பயாஸ் திரையில், 97 டிகிரி செல்சியஸ். அதுவும் ராத்திரி போர்வை இல்லாமல் தூங்க முடியாத மலையில்.

புராசஸருக்கு எதுவும் ஆகவில்லை. அதன் மேல் உட்கார்ந்திருக்க வேண்டிய கூலரின் நாலு கால்களில் ஒன்று மதர்போர்டில் மாட்டவே இல்லை. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த அவ்வளவுதானுக்காக அவன் புது புராசஸருக்குப் பணம் கட்டத் தயாராக இருந்தான் பாருங்கள், அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கூலர் அப்படி என்ன செய்யுது?

சிம்பிளா சொல்லணும்னா, புராசஸருக்குள் போகும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுக்க சூடாகத்தான் வெளியே வரும். சாதாரண டெஸ்க்டாப் புராசஸரின் பெட்டியில் 65 வாட் என்று போட்டிருக்கும். இன்டெல் ஐ5 12400 போன்ற ஒரு சிப், முழு வேகத்தில் 117 வாட் வரைக்கும் போகும். எலக்ட்ரிகல் கடையில் வாங்கும் சால்டரிங் அயன் 25 வாட்தான். ஈயத்தை உருக்க அந்தச் சூடே போதும். அதைப்போல நாலு மடங்குக்கு மேல் சூடு, தபால்தலை அளவே உள்ள ஒரு சிலிக்கான் துண்டிலிருந்து வருகிறது.

அந்தச் சூட்டை வாங்கிக் காற்றுக்குக் கடத்துவதுதான் கூலரின் வேலை. அதற்கு கூலரின் அடித்தட்டும் புராசஸரின் மேல்தட்டும் நன்றாக ஒட்டி அழுந்தியிருக்க வேண்டும். கண்ணுக்கு ரெண்டும் வழவழப்பாகத் தெரிந்தாலும், நுணுக்கிப் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். இடையில் காற்று நின்றுவிடும். காற்று சூட்டைக் கடத்துவதில் படுமோசம். தாமிரம் அதைவிட சுமார் 15,000 மடங்கு நன்றாகக் கடத்தும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் தெர்மல் பேஸ்ட். காற்றைவிட நூறு மடங்குக்கு மேல் தேவலாம், ஆனால் தாமிரத்துக்குப் பக்கத்தில்கூட வராது. அதனால் பேஸ்ட் மெல்லிசாக இருக்கணும், மேலிருந்து அழுத்தம் சமமாக இருக்கணும். ரெண்டில் எது தவறினாலும் எவ்வளவு விலை உயர்ந்த கூலரும் வேஸ்ட்.

நாலு காலில் ஒன்று தூக்கிக்கொண்டால் என்ன ஆகும்? ஒரு கால் குட்டையான ஸ்டூல் மாதிரி, கூலர் ஒரு பக்கம் சாயும். எதிர்ப்பக்கம் பேஸ்ட் பிரிந்து காற்று புகும். தம்பி வீட்டில் நடந்தது இதுதான்.

அந்தக் காலத்தில் புகை வரும். இப்போ?

2001-ல் டாம்ஸ் ஹார்ட்வேர் என்ற இணையதளம் ஒரு வீடியோ வெளியிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து கூலரைக் கையால் பிடுங்கி எடுத்தார்கள். ஏஎம்டியின் அத்லான் சிப் சட்டென்று புகைந்து செத்தது. இன்டெல் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு உயிரோடு ஓடியது. கம்ப்யூட்டர் உலகத்தில் அந்த வீடியோ பெரிய விவாதம்.

இன்றைக்கு எல்லா புராசஸர்களும் அந்தப் பென்டியம் வழியில்தான் வேலை செய்கின்றன. இன்டெல்லின் பெரும்பாலான டெஸ்க்டாப் சிப்களுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி. ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95. அந்த எல்லையைத் தொட்டதும் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் அடங்காவிட்டால் மொத்தமாக அணைந்துவிடும்.

நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான், சிப் பிழைத்துக்கொள்கிறது. ஆனால் இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அன்றைக்குக் கூலர் சரியாக மாட்டாவிட்டால் கடையிலேயே புகை வந்திருக்கும். மாட்டியவர் கையும் களவுமாகச் சிக்கியிருப்பார். இன்றைக்கு அதே தவறு நடந்தால் சிஸ்டம் ஆன் ஆகும், விண்டோஸ் வரும், கடையில் ஒரு பாட்டு ஓட்டிக் காட்டலாம், நீங்களும் பணம் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். வீட்டில் வேலை செய்யும்போதுதான் திணறும். "விண்டோஸ் அப்டேட் வந்ததிலிருந்து ஸ்லோ", "வைரஸ் இருக்கும்", "ரேம் பத்தாது" என்று நாமே காரணம் தேடிக்கொள்வோம்.

நாலு கோர் வேகத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதில் பாதி வேகத்தில் ரெண்டு மூணு வருஷம் ஓட்டும் ஆட்கள் நம் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவர்களுக்கு ஏமாந்தோம் என்றே தெரியாது. கடைக்காரர்கள் வேண்டுமென்றே ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல வரவில்லை. பல நேரம் அவர்களுக்கும் தெரியாது. யாருமே அளந்து பார்க்காததுதான் பிரச்னை.

மலைப் பாதையில் என்ன நடந்தது?

2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது கள்ளக்குறிச்சி. சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை வரைக்கும் பயணம் சுகம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து மலை ஏறத் தொடங்கினால் வளைவுக்கு மேல் வளைவு. உள் கிராமங்களுக்குப் போகும் பாதைகள் இன்னும் மோசம். 2024-ல் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்து சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தபோது, பேசப்பட்ட அடிப்படை வசதிகளில் சாலையும் ஒன்று.

தம்பியின் சிஸ்டம் இந்தப் பாதையில் ஒரு மினி வேனின் பின்பக்கத்தில், காய்கறிக் கூடைகளோடு, நிமிர்த்தி வைத்து வந்திருக்கிறது. இங்கேதான் இன்டெல் பெட்டியோடு வரும் கூலரைப் பற்றிச் சொல்லணும். 2004-ல் எல்ஜிஏ 775 சாக்கெட் வந்த காலத்திலிருந்து இன்டெல் பெரும்பாலும் இந்தக் கூலர்களுக்கு ஸ்க்ரூ கொடுப்பதில்லை. நாலு மூலையிலும் பிளாஸ்டிக் புஷ் பின்தான். வெள்ளைக் கால் ஓட்டைக்குள் போகும். மேலிருந்து கறுப்புப் பின்னை அழுத்தினால் அது வெள்ளைக் காலைப் பிளந்து அகட்டி, போர்டின் பின்பக்கம் கவ்விக்கொள்ளும். வடிவமைப்பு மோசம் என்று சொல்ல முடியாது, கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்கள் இதில் ஓடுகின்றன. ஆனால் முக்கால்வாசி மட்டும் உள்ளே போன பின்னும், முழுசாக உள்ளே போன பின்னும் மேலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி தெரியும். கடை மேசையில் சும்மா நிற்கும்வரை அரைகுறைப் பின்னும் தாங்கும். குண்டும் குழியுமான பாதையில் ஒரு மணி நேரம் குலுங்கினால் கழன்றுகொள்ளும்.

கேபினட் நிமிர்ந்து நிற்கும்போது மதர்போர்டு சுவர் மாதிரி செங்குத்தாக இருக்கிறது. கூலர் அந்தச் சுவரில் அடித்த அலமாரி மாதிரி பக்கவாட்டில் தொங்குகிறது. வண்டி ஒவ்வொரு குழியில் இறங்கும்போதும் அந்த முழு எடையும் நாலு பின்களை இழுக்கிறது. பெட்டியோடு வரும் கூலர் பரவாயில்லை, லேசானது. வெளியில் வாங்கும் டவர் கூலர்கள் எடை கூடியவை. ஆஸ்திரியாவைச் சேர்ந்த நாக்டுவா நிறுவனத்தின் என்ஹெச்-டி15 கூலர் ஃபேன்களோடு சேர்த்து 1.3 கிலோ. அதனால்தான் அந்த மாதிரி கூலர்கள் போர்டுக்குப் பின்னால் ஒரு இரும்புத் தகடு வைத்து ஸ்க்ரூவில் மாட்டப்படுகின்றன.

சரி, எப்படி ஒழுங்கா மாட்டுறது?

இதைப் படிக்கும் உங்களில் பலர் சொந்தமாக பிசி பில்ட் பண்ணும் ஆசையில் இருப்பீர்கள். மற்றவர்கள் கடையில் கொடுத்து வாங்குவீர்கள். ரெண்டு பேருக்குமே இது தெரிந்திருக்கணும். முதல் ஆள் செய்வதற்கு, ரெண்டாவது ஆள் பக்கத்தில் நின்று கவனிப்பதற்கு.

முதலில் சாக்கெட்டைப் பாருங்கள். கூலர் வாங்கும்போது "இன்டெல்லுக்குப் பொருந்தும்" என்ற ஒரு வரியை நம்பாதீர்கள். எல்ஜிஏ 1200 இன்டெல் போர்டுகளில் கூலர் ஓட்டைகளுக்கு நடுவே இடைவெளி 75 மில்லிமீட்டர். 2021 நவம்பரில் 12-வது தலைமுறையோடு வந்த எல்ஜிஏ 1700-ல் அது 78 மில்லிமீட்டர். புராசஸரின் உயரமும் கொஞ்சம் குறைந்துவிட்டது. வெறும் மூணு மில்லிமீட்டர்தானே என்று பழைய கூலரின் பின்னை வளைத்து மாட்டும் ஆட்கள் இருக்கிறார்கள். மாட்டிக்கொள்ளும், ஆனால் சரியாக அழுத்தாது. உங்கள் சாக்கெட்டின் எண் கூலர் பெட்டியில் அச்சாகி இருக்கிறதா என்று பாருங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் பிராக்கெட் எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்து, போர்டை கேபினட்டுக்குள் வைப்பதற்கு முன்பே கூலரை மாட்டிவிடுவது நல்லது. மதர்போர்டு வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே வைத்து வேலை செய்யலாம். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வசதி. பெரிய டவர் கூலர் என்றால் ரேமை முதலில் மாட்டிவிடுங்கள், அப்புறம் கை போகாது.

கூலரின் அடித்தட்டில் மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், உரிக்காமலே மாட்டி மாசக்கணக்கில் ஓட்டியவர்கள் உண்டு.

பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு, நடுவில். கூலரை நேராக இறக்கினால் அழுத்தத்தில் அதுவே பரவும். பெட்டியோடு வரும் கூலரில் பேஸ்ட் ஏற்கெனவே தடவியிருக்கும், தனியாக வேண்டாம். ஆனால் ஒருமுறை கழற்றிவிட்டால் பழைய பேஸ்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் துடைத்துவிட்டுப் புதுசாகத்தான் போடணும். பழசு மேலேயே வைத்து அழுத்தினால் உள்ளே காற்றுக் குமிழ் நிற்கும்.

ஸ்க்ரூ உள்ள கூலர் என்றால் ஒரு மூலையை முழுசாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். கார் டயர் மாற்றும்போது நட்டு முடுக்குவது போலத்தான். எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றுக்கும் ரெண்டு மூணு சுற்று, திரும்பத் திரும்ப. ஸ்பிரிங் வைத்த ஸ்க்ரூக்கள் ஓரிடத்தில் தானாக நின்றுவிடும். அங்கே நிறுத்துங்கள். பவர் ஸ்க்ரூடிரைவரை இந்த இடத்தில் எடுக்கவே வேண்டாம். கூடுதலாக முடுக்கினால் போர்டு வளையும்.

புஷ் பின் கூலர் என்றால், பின் தலையில் உள்ள அம்புக்குறி கழற்றும்போது திருப்ப வேண்டிய திசையைக் காட்டுகிறது. மாட்டும் முன் நாலையும் அதற்கு எதிர்ப்பக்கம் முழுசாகத் திருப்பி வைக்கணும். இங்கேதான் பலர் குழம்பி, அம்பு காட்டும் பக்கம் திருப்பி அழுத்துகிறார்கள். பிறகு எதிரெதிர் மூலையாக, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தணும். முடிந்ததும் போர்டைத் திருப்பிப் பாருங்கள். நாலு ஓட்டையிலும் வெள்ளைக் கால் விரிந்து, நடுவில் கறுப்புப் பின் எட்டிப் பார்க்கணும். மூணில் தெரிந்து ஒன்றில் தெரியாவிட்டால் கழற்றித் திரும்ப மாட்டணும். மேலிருந்து பார்த்து முடிவு பண்ணாதீர்கள்.

ஏஎம்டிகாரர்களுக்கு ரெண்டு எச்சரிக்கை. ஏஎம்4 போர்டில் நாலு ஸ்க்ரூவில் மாட்டும் கூலர் என்றால் முதலில் மேலே உள்ள பிளாஸ்டிக் பிராக்கெட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். கழற்றியதும் பின்னால் உள்ள தகடு கீழே விழுந்துவிடும். கையைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஏஎம்4-ல் பழைய கூலரை நேராகப் பிடுங்கினால் இறுகிப்போன பேஸ்டில் ஒட்டிக்கொண்டு புராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும். பின்கள் வளைந்தால் கதை முடிந்தது. சிஸ்டத்தைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, பவரை முழுசாக அணைத்து, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகி எடுங்கள். 2022-ல் வந்த ஏஎம்5-ல் புராசஸரை ஒரு சட்டம் பிடித்திருப்பதால் இந்தப் பயம் இல்லை. பின் தகடும் நிலையாக இருக்கும்.

ஃபேன் வயரை 'சிபியு ஃபேன்' என்று போட்டிருக்கும் இடத்தில் செருகுங்கள். கடைசியாக, கூலரை லேசாகப் பிடித்துத் திருகிப் பாருங்கள். போர்டும் சேர்ந்து அசைந்தால் சரி. கூலர் மட்டும் தனியாக ஆடினால் எங்கேயோ பிடிக்கவில்லை.

சரியா மாட்டியிருக்கான்னு எப்படித் தெரியும்?

அளந்தால் தெரியும். ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் சூட்டைப் பார்த்துக்கொண்டே, சினிபெஞ்ச் போன்ற ஒன்றை ஓட்டிப் புராசஸருக்கு முழு வேலை கொடுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள். சாதாரண 65 வாட் சிப், ஓட்டிய சில நொடிகளிலேயே 95-ஐத் தொட்டால், பெரும்பாலும் கூலர் சரியாக ஒட்டவில்லை. நிமிஷக்கணக்கில் மெதுவாக ஏறிக்கொண்டே போனால் தூசி, ஃபேன், காற்றோட்டம் என்ற பக்கம் தேடணும்.

அறையின் சூட்டையும் கணக்கில் எடுங்கள். அறை பத்து டிகிரி கூடினால் சிப்பும் கிட்டத்தட்ட பத்து டிகிரி கூடும். மே மாதத்தில் கள்ளக்குறிச்சி டவுனில் ஓடும் சிஸ்டத்தையும் வெள்ளிமலையில் ஓடுவதையும் ஒரே எண்ணை வைத்து ஒப்பிட முடியாது. அப்படிப் பார்த்தால் மலையில் இருக்கும் தம்பிக்குக் கூலர் விஷயத்தில் இயற்கையே டிஸ்கவுண்ட் கொடுத்திருக்கிறது. அதையும் மீறி 97 வந்ததுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

பிறகு என்ன ஆனது? பவரை அணைத்து, பக்கக் கதவைத் திறந்து, வீடியோ காலில் காட்டினான். கேபினட்டின் பின்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்தபோது மூணு ஓட்டையில்தான் கறுப்புப் பின் தெரிந்தது. மறுநாள் காலை டவுனிலிருந்து வந்த பஸ்ஸில் ஒருவர் மூலம் ஒரு டியூப் பேஸ்ட் வந்தது. செலவு இருநூறு ரூபாய்க்குள். துடைத்து, தடவி, மாட்டி, திருப்பிப் பார்த்து, ஆன் பண்ணினான். பயாஸில் 38. முழு வேலை கொடுத்தபோது 70-ஐத் தாண்டவில்லை. விண்ணப்பங்களைக் கடைசித் தேதிக்குள் போட்டுவிட்டான்.

இதுல யாரு பொறுப்பு?

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அசெம்பிள் பண்ணிக் கொடுக்கும் ஒவ்வொரு கடையும், வாடிக்கையாளர் முன்னால் பதினைந்து இருபது நிமிஷம் முழு வேலை கொடுத்து ஓட்டி, சூடு எவ்வளவு என்பதை பில்லில் எழுதிக் கொடுக்கணும். பெட்ரோல் போடும்போது மீட்டரில் பூஜ்யம் பார்க்கிறோம். தங்கம் வாங்கும்போது எடை பார்க்கிறோம். முப்பது நாற்பதாயிரம் கொடுத்து வாங்கும் சிஸ்டத்தில் மட்டும் "விண்டோஸ் வந்துடுச்சு, எடுத்துட்டுப் போங்க" என்பது போதாது.

கடைக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆன்லைன் விலையைக் காட்டி பேரம் பேசுகிறோம். கடைசியில் "அசெம்பிளிங் சார்ஜ் வேணாம்ணே, விட்டுடுங்க" என்று அதையும் கழிக்கச் சொல்கிறோம். ஒரு நாளைக்கு இத்தனை சிஸ்டம் முடிக்கணும் என்ற அவசரத்தில், பெரும்பாலும் சம்பளம் குறைந்த ஒரு இளைஞர்தான் உள்ளே உட்கார்ந்து மாட்டுகிறார். அவருடைய கால் மணி நேரத்துக்கு யாரும் காசு கொடுக்கவில்லை என்றால், அந்தக் கால் மணி நேரம் நமக்குக் கிடைக்காது. அதனால் அசெம்பிளிங் சார்ஜில் பேரம் பேசாதீர்கள். அதற்குப் பதிலாக டெஸ்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்கள். கண்ணாடிக் கேபினட்டுக்கும் கலர் கலராக மின்னும் ஃபேனுக்கும் ரெண்டாயிரம் மூவாயிரம் கூடுதலாகக் கொடுக்கிறோம். அதில் ஒரு சின்னப் பங்கை மாட்டும் கைக்குக் கொடுக்கலாம்.

ஆனால் தவறு நடந்த பிறகு "புராசஸர் போயிருக்கும்" என்று போனிலேயே தீர்ப்பு சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பெட்டியில் வரும் இன்டெல், ஏஎம்டி புராசஸர்களுக்கு மூணு வருஷ வாரன்டி உண்டு. ஒரு மாதத்தில் உண்மையிலேயே போயிருந்தாலும் வாடிக்கையாளர் ஏன் பணம் கட்டணும்? இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாதவர்கள்தான் கட்டுகிறார்கள். டவுனில் இருப்பவர் வண்டியில் எடுத்துப்போய்க் கடையில் வைத்துச் சண்டை போடலாம். மலையிலிருந்து இறங்கி, நகரத்துக்குப் போய்த் திரும்ப ஒரு முழு நாள் போய்விடும். அன்றைய கடை வருமானமும் போய்விடும். தூரத்தில் இருப்பவருக்கு ஒரே தவறு ரெண்டு மடங்கு செலவு வைக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாடும் புகாருக்கு உரியதுதான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைக்கலாம். அப்போது கையில் பில்லும், சூடு காட்டும் போட்டோவும் இருந்தால் உங்கள் பேச்சுக்கு எடை கூடும்.

நம் பக்கமும் ஒரு குறை உண்டு. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் என் வயதுக்காரர்கள் பலருக்கு முதல் கம்ப்யூட்டரைக் கொடுத்தது. அதன் அருமையை மறுக்கவே முடியாது. ஆனால் அது மூடிய பெட்டி. அதற்கு அப்புறம் ஸ்மார்ட்போன், அதுவும் மூடிய பெட்டி. உள்ளே திறந்து பார்க்கும் பழக்கமே நமக்கு வரவில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த என் நண்பர்களிலேயே கூலரைக் கையில் பிடித்துப் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். நான் மட்டும் என்ன, விஷுவல் எடிட்டிங்குக்காக ஹாஸ்டலில் ஒரு பழைய சிஸ்டத்தைப் பிரித்துப் பார்த்ததால்தான் இவ்வளவும் தெரியும்.

கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கை வேலைக்கு மதிப்புத் தெரிந்த மாவட்டம்தான் இது. கம்ப்யூட்டர் மாட்டுவதும் கை வேலைதான், அதற்கும் அந்த மதிப்பைக் கொடுக்கலாம்.

சிஸ்டத்தை ஊருக்கு எடுத்துட்டுப் போறீங்களா?

தீபாவளி, பொங்கலுக்கோ, வேலை மாறியோ சிஸ்டத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேபினட்டை நிமிர்த்தி வைக்காதீர்கள். மதர்போர்டு தரைமாதிரி படுத்திருக்கும்படி, கூலர் மேல் நோக்கி நிற்கும்படி சாய்த்து வையுங்கள். அடியில் ஒரு தலையணையோ மடித்த போர்வையோ போடுங்கள். வேனின் பின்பக்கம் வேண்டாம், சீட்டில் வையுங்கள். கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கழற்றித் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய டவர் கூலர் என்றால் அதையும் கழற்றிவிட்டு, போய்ச் சேர்ந்ததும் புது பேஸ்ட் போட்டு மாட்டுவதுதான் பாதுகாப்பு. போய் இறங்கியதும் ஆன் பண்ணுவதற்கு முன் பக்கக் கதவைத் திறந்து கூலரை ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்.

தம்பி இப்போது கடையில் ஒரு சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவரும் மிச்சமிருந்த பேஸ்டும் வைத்திருக்கிறான். போன வாரம் பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தன் சிஸ்டம் ரொம்ப ஸ்லோ என்று தூக்கிக்கொண்டு வந்தாராம். "ஃபார்மேட் அடிக்கணுமாப்பா?" என்று கேட்டிருக்கிறார். இவன் முதலில் பயாஸைத் திறந்து எண்ணைப் பார்த்திருக்கிறான்.

"91 காட்டுச்சு அக்கா. பின்னாடி திருப்பிப் பார்த்தேன். ரெண்டு பின்னு உள்ளயே போகல."

உங்கள் சிஸ்டத்தில் அந்த எண் எவ்வளவு? இன்றைக்கு ராத்திரி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.